சாய்மானம் இல்லாத கட்சி

கட்சியின் செய்தித் தொடர்பாளரை எல்லோரும் முன்னாலும் பின்னாலும் ‘சமாளி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் அதை ஒரு பட்டம் போலவே ஏற்றுக்கொண்டிருந்தார். ஒருமுறை பொதுக்கூட்ட மேடை சரிந்து தலைவர்கள் அத்தனை பேரும் மண்ணில் உருண்டபோது, தூசியைத் தட்டிக்கொண்டே நிருபர்களிடம், “எங்க தலைவர்கள் மக்கள்கிட்ட இறங்கி வந்திருக்காங்க” என்று சொன்ன மனிதர் அவர். அதற்குப் பிறகு கட்சியில் எது கவிழ்ந்தாலும் முதலில் அவரைத்தான் தேடுவார்கள்.

கட்சி பழைய கட்சி. அதன் கொள்கையை ஒரு வரியில் சொன்னால், ‘இருப்பது இருந்தபடி இருக்கட்டும்.’ கொஞ்சம் விளக்கிச் சொன்னால், ‘மாற்றியே தீர வேண்டுமென்றால், அடுத்த வருஷம் பார்க்கலாம்.’ தலைமை அலுவலகமும் அப்படித்தான் இருந்தது. உயரமான கூரை, ஆடி அசைந்து சுற்றும் மின்விசிறி, ஆள் உயர முதுகு வைத்த தேக்கு நாற்காலிகள். கட்சித் தலைவரை ஐயா என்பார்கள். செயற்குழு நடக்கும்போது ஐயா நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். எப்போது யோசிக்கிறார், எப்போது தூங்குகிறார் என்று யாருக்கும் பிடிபடாது. அவருடைய தலைமையின் ரகசியமே அதுதான் என்று சமாளி நம்பினார். யாராவது ஏடாகூடமாக எதையாவது கேட்டால் ஐயா பதில் சொல்ல மாட்டார். கேட்டவர் கொஞ்ச நேரம் காத்திருப்பார், பிறகு தானாகவே அடங்கிவிடுவார்.

அந்த ஏற்பாட்டுக்கு வேட்டு வைத்தது ஓர் இடைத்தேர்தல். காலங்காலமாகக் கட்சியின் கையில் இருந்த தொகுதி அது. கட்சி சொற்ப ஓட்டில் தோற்றது. அந்தச் சொற்ப ஓட்டையும், அதற்கு மேல் இன்னும் கொஞ்சத்தையும் வாங்கியிருந்தது ‘நிமிர்ந்தோர் சங்கம்’ என்ற, யாரும் கேள்விப்படாத ஓர் அமைப்பு.

சங்கத்தின் நிறுவனர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். பள்ளிக்கூட மைதானத்தில் ஆயுசு முழுக்க விசில் ஊதியவர். நின்றால் கொடிக்கம்பம் மாதிரி நிற்பார். சமூகம் கெட்டுப்போனதற்கு அவர் ஒரே ஒரு காரணம்தான் சொல்வார்: நாற்காலிக்கு முதுகு வைத்தது. சாய்ந்து உட்கார ஆரம்பித்ததும் மனிதன் சோம்பேறியானான், சோம்பேறியானதும் கடன் வாங்கினான், கடன் வாங்கியதும் பொய் சொன்னான், அப்புறம் எல்லாமே போயிற்று. இதை அவர் கோபமாகச் சொல்ல மாட்டார். பரிதாபமாகச் சொல்வார். கேட்கிறவர்களுக்கு அதுதான் ஒருமாதிரி ஆகிவிடும்.

தோல்விக்குப் பிறகு ஐயா அவரை அழைத்துப் பேசினார். டிரில் மாஸ்டர் தேக்கு நாற்காலியின் நுனியில் பறவை மாதிரி உட்கார்ந்து ஒருமணி நேரம் முதுகெலும்பைப் பற்றியும் பள்ளிக்கூடப் பெஞ்சுகளைப் பற்றியும் சொன்னார். ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், அல்லது கேட்கவில்லை. மாஸ்டர் போனதும் கண்ணைத் திறந்து சமாளியைப் பார்த்தார்.

“தம்பி, கொஞ்சம் ஓட்டு வச்சிருக்கான். வெளியில விட்டா நமக்குத்தான் சேதம். உள்ள கூட்டிட்டு வந்துரு.”

“உள்ள வந்தா நாற்காலியைப் பத்திப் பேசுவாரே ஐயா.”

“பேசட்டும். வர்ற சட்டசபைத் தேர்தல் அறிக்கையில ஒரு வரி போடு. படிச்சா இருக்கற மாதிரி இருக்கணும், தேடினா இருக்கக் கூடாது.”

இப்படிப்பட்ட வரி எழுதுவது சமாளிக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. ‘நிமிர்ந்து அமரும் மரபைக் கட்சி என்றும் மதிக்கும்’ என்று எழுதினார். மதிப்பதற்கு யாரும் எதையும் செய்யத் தேவையில்லை. எழுதி முடித்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார்.

அச்சாகி வந்த அறிக்கைக் கட்டு ஒன்றை அவரே தூக்கி மேசை மேல் வைக்கப் போனார். இடுப்பில் ‘சடக்’ என்று ஒரு சத்தம். தூக்கினவர் அப்படியே பாதி வளைந்து நின்றுவிட்டார். அவருடைய மனைவி பிசியோதெரபிஸ்ட். வீட்டின் கீழ்த்தளம் முழுக்க அவருடைய சிகிச்சை நிலையம்தான். காரில் நீட்டிப் போட்டுக் கொண்டுவந்த கணவரைக் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“டிஸ்க் நகர்ந்திருக்குங்க. குனியக் கூடாது, தூக்கக் கூடாது, ரொம்ப நேரம் நிக்கக் கூடாது. வலி எடுத்தா உடனே தரையில நீட்டிப் படுத்துருங்க. எந்த இடமா இருந்தாலும் சரி.”

“இன்னைக்கு டிவியில பேட்டி இருக்கும்மா.”

“அங்கயும் தரை இருக்குமில்ல?”

அன்று மாலை அவர் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனபோது முதுகு எதன் மேல் பட்டாலும் உயிர் போனது. எனவே நாற்காலியில் சாயாமல் விறைப்பாக உட்கார்ந்தார். பேட்டி எடுத்த பெண், பெரிய மனிதர்கள் பலரையும் அழவைத்தவர். சுழல் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, காலாட்டியபடி ஆரம்பித்தார்.

“நிமிர்ந்து அமரும் மரபுன்னு போட்டிருக்கீங்களே. நீங்க ஆட்சிக்கு வந்தா எங்க நாற்காலிக்கெல்லாம் முதுகை அறுத்துருவீங்களா?”

‘இல்லை’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். அந்த வார்த்தை சமாளியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவருடைய வாய் அவ்வளவு சுலபமான பதிலுக்குப் பழகியதில்லை.

“அம்மா, எல்லாக் கட்சிக்கும் நாற்காலி ஆசை. எங்க கட்சிக்கு மட்டும்தான் முதுகெலும்பு ஆசை. நான் வந்ததுலேருந்து பாருங்க, எந்தப் பக்கமாவது சாயறேனா? நீங்க சாஞ்சுட்டுக் கேக்கறீங்க. நான் நிமிர்ந்து பதில் சொல்றேன். இதுல யாரை நம்பலாம்னு பாக்கறவங்க முடிவு பண்ணிக்கட்டும்.”

அந்தப் பெண் தன்னையறியாமல் சடாரென்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு கணம்தான். மறுநாள் அது இல்லாத கைபேசி கிடையாது. ‘நிமிர்த்தினார் சமாளி’ என்று தலைப்பு வைத்துப் பரப்பினார்கள். வலியால் விறைத்துப் போயிருந்த அவருடைய முகத்தை வைராக்கியத்தின் முகம் என்றார்கள். கட்சி அலுவலக வாசலில் உறுப்பினராகச் சேருவதற்கு ஆட்கள் வரிசையாக நின்றார்கள். வரிசையில் ஒருவர்கூடச் சுவரில் சாயவில்லை.

“பாத்தியாம்மா?” என்று வீட்டில் கைபேசியைக் காட்டினார் சமாளி. முதுகில் வெந்நீர்ப் பை இருந்தது.

மனைவி பார்த்தார். “நீங்க இதை நம்பறீங்களா?”

“எதை?”

“நாற்காலி முதுகாலதான் உலகம் கெட்டுப்போச்சுங்கறதை.”

“நம்பறதுக்கும் எனக்கும் என்னம்மா சம்பந்தம்? நான் செய்தித் தொடர்பாளர்.”

அவர் வெந்நீர்ப் பையை மாற்றினார். புதுப் பை வேண்டுமென்றே கொஞ்சம் அதிகச் சூடாக இருந்த மாதிரி சமாளிக்குத் தோன்றியது.

ஒரு வாரத்தில் டிரில் மாஸ்டர் செயற்குழுவில் இடம்பிடித்தார். அதற்கடுத்த வாரம் ஒரு தச்சர் ரம்பத்தோடு வந்தார். தேக்கு நாற்காலிகளை வரிசையாகப் படுக்கவைத்து ஒவ்வொன்றாக முதுகை அறுக்க ஆரம்பித்தார். பாதி அறுத்தபோது அவருக்கே மனசு கேட்கவில்லை.

“சார், நல்ல மரம் சார். இதை அறுக்கறதுக்குப் புதுசா ஸ்டூல் வாங்கிரலாமே.”

“ஸ்டூல் வாங்கினா அது ஸ்டூல். நாற்காலியை அறுத்தாத்தான் அது கொள்கை” என்றார் சமாளி. சொல்லிவிட்டு, இது எப்படித் தன் வாயிலிருந்து வந்தது என்று திகைத்துப் போனார். தச்சரோ அதில் ஏதோ ஆழமான பொருள் இருப்பதாக நினைத்துத் தலையசைத்துவிட்டு மறுபடி அறுத்தார்.

செயற்குழுக் கூட்டங்கள் தலைகீழாக மாறின. முன்பெல்லாம் ஐயா கண்ணை மூடினால் விவாதம் முடிந்துவிடும். இப்போது ஐயா கண்ணை மூடினால் ஆள் பின்பக்கமாக விழுந்தார். முதல் தடவை டிரில் மாஸ்டர் லாகவமாகத் தாங்கிப் பிடித்தார். அப்புறம் ஐயாவுக்குப் பின்னால் நிற்பதற்கென்றே ஆள் போட்டார்கள். தாங்கிப் பிடிக்கும் அந்த ஆள் சாய்மானம் ஆவாரா மாட்டாரா என்று ஒரு முழுக் கூட்டம் விவாதம் நடந்தது. தூங்க முடியாத ஐயா வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய முகம் வெளிறியது. இத்தனை வருஷமாக இவர்கள் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்களா என்று சமாளியிடம் ரகசியமாகக் கேட்டார்.

கேள்விகள் முளைத்துக்கொண்டே இருந்தன. கைப்பிடி வைக்கலாமா? பேருந்தில் என்ன செய்வது? பல் டாக்டரிடம் போனால்? ஒருநாள் மகளிர் அணித் தலைவி எழுந்தார். அவர் எதையும் நேராகக் கேட்கக்கூடியவர்.

“எனக்கு ஒரு சந்தேகம். ராத்திரி மல்லாக்கப் படுத்தா முதுகு எங்க இருக்கு?”

டிரில் மாஸ்டருக்கே வேர்த்துவிட்டது. எல்லோரும் சமாளியைப் பார்த்தார்கள். அவர் தண்ணீர் குடித்து நேரத்தைக் கடத்திவிட்டு, “ஒருக்களிச்சுப் படுக்கறதைக் கட்சி ஊக்குவிக்கும். மல்லாக்கப் படுக்கறதைக் கட்சி கண்டிக்காது” என்றார். பெரிய கைதட்டல். அதுவே தீர்மானம் ஆயிற்று. கை தட்டியவர்களில் இரண்டு பேர் வலியில் முகத்தைச் சுளித்ததைச் சமாளி கவனித்தார்.

அந்த இரண்டு பேரையும் அவர் மறுநாளே பார்த்தார். வீட்டின் பின்வாசல் வழியாக, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மனைவியின் சிகிச்சை நிலையத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் பாதிச் செயற்குழு அங்கேதான் கிடந்தது. ஒருவர் கழுத்தில் பட்டை, ஒருவர் காலில் எடை கட்டித் தொங்கல். மாவட்டச் செயலாளர் ஒருவர் மூலையில் இருந்த சாய்வு நாற்காலியைக் கட்டிப்பிடிக்காத குறையாக உட்கார்ந்திருந்தார். சமாளியைப் பார்த்ததும் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். தாங்கள் பார்க்காவிட்டால் தங்களையும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுபோல.

“உங்க கட்சியை ஒண்ணும் சொல்லாதீங்க. நல்ல கட்சி. எனக்கு உதவிக்கு இன்னும் ரெண்டு பேரை வேலைக்கு எடுக்கணும்” என்றார் மனைவி.

இந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை களத்தில் இறங்கினார். ஐயாவின் ஒரே மகளைக் கட்டியவர். அதனால் கட்சிக்கே அவர் மாப்பிள்ளை. நின்றுகொண்டே வேலை பார்க்கும் உயரமான மேசைகளைத் தயாரித்து விற்பது அவருடைய தொழில். அதுவரை அவருக்கும் அரசியலுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. கட்சி எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்தவர், அந்தத் திசையில் இன்னும் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

ஒருநாள் காலை ஐயாவின் புகைப்படம் ஒன்று வெளியானது. காரின் பின்னிருக்கையில் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து தூங்குகிறார். பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த படம் என்பது பார்த்தாலே தெரிந்தது. அன்று காலை ஐயாவின் பக்கத்தில் உட்கார்ந்து பயணம் செய்தவர் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. செயற்குழு கூடியது.

“கார்ல வேற என்னய்யா பண்றது? முன்னால குப்புற விழவா?” என்றார் ஐயா.

வழக்கம்போல் சமாளி எழுந்தார். “ஐயா சாயலைங்க. கார் முன்னால போச்சு. ஐயா இருந்த இடத்துலயே இருந்தார். இருக்கறது இருந்தபடி இருக்கட்டும்கறதுதானே நம்ம கொள்கை?”

அவருடைய வாழ்நாளிலேயே சிறந்த பதில் அதுதான். ஒரு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் கூரை பறக்கக் கை தட்டியிருப்பார்கள். இப்போது ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. “சமாளிக்காதீங்க அண்ணே” என்றார் மாப்பிள்ளை, அமைதியாக. சமாளிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் மெல்ல உட்கார்ந்தார்.

ஐயா நீக்கப்பட்டார். வெளியே வரும்போது அறுத்த நாற்காலிகளைப் பார்த்துவிட்டுச் சமாளியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“பொண்ணைக் குடுத்தேன் தம்பி. கூடவே கட்சியையும் சீராக் குடுத்துட்டேன்னு இப்பத்தான் தெரியுது.”

டிரில் மாஸ்டர் புதிய தலைவரானார். பாவம், அவருக்கு அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. மாப்பிள்ளை அடுத்த குண்டைத் தூக்கிப் போட்டார்: ‘உட்காருவது என்பது பாதி படுப்பது.’ நாற்காலிக்கு முதுகு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? முதல் சரிவே உட்காருவதுதான். அவருடைய ஆட்கள் தங்களை ‘நிற்போர்’ என்று அழைத்துக்கொண்டார்கள். டிரில் மாஸ்டர் படியேறும்போது பின்னாலிருந்து ‘உட்காருகிறவர் வருகிறார்’ என்று கிசுகிசுத்தார்கள். ஒரு கூட்டத்தில் அவர், “கொஞ்சம் நிதானமா யோசிப்போமே” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு ‘மிதவாதி’ என்று பெயர் வந்தது. கொடிக்கம்பம் மாதிரி இருந்த மனிதர் முதல் தடவையாகக் கூனிப் போனதைச் சமாளி பார்த்தார்.

“சார், நான் கேட்டது பெஞ்சு விஷயம் மட்டும்தான் சார்” என்று அவர் சமாளியின் கையைப் பிடித்துக்கொண்டார். “பள்ளிக்கூடத்துப் பசங்க நேரா உக்காரட்டும்னு சொன்னேன். நிக்கச் சொல்லி நான் எங்க சொன்னேன்? முட்டி என்னத்துக்கு ஆகும்?”

சமாளிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்படித் தெரியாமல் போவது அவருக்குப் புதுசாக இருந்தது.

யார் தலைவர் என்பதை முடிவு செய்ய மாநாடு கூடியது. மாநாட்டு மண்டபத்தை ஏற்பாடு செய்தவர் மாப்பிள்ளை. மருந்துக்குக்கூட ஒரு நாற்காலி கிடையாது. சுவரெல்லாம் கட்சிக் கொடியின் நீலத்தில் பளபளத்தது. லேசான பெயிண்ட் வாடை வந்தது. புது மண்டபம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

டிரில் மாஸ்டர் பேச ஆரம்பித்தார். முதுகெலும்பை மேலிருந்து கீழாகக் கண்ணி கண்ணியாக விளக்கினார். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கொள்கை. அவர் கழுத்திலிருந்து இறங்கி நெஞ்சுக்கு வருவதற்குள் கூட்டம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றது. அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் தெரியாமல், அங்குலம் அங்குலமாகச் சுவரை நோக்கி நகர ஆரம்பித்தார்கள்.

சமாளிக்கு அதற்குள் இடுப்பில் சூடு வைத்த மாதிரி வலி கிளம்பிவிட்டது. மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறை இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். துண்டை விரித்துத் தரையில் நீட்டிப் படுத்தார். ஆஹா! கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். மாஸ்டரின் குரல் தூரத்தில் கேட்டது. எத்தனையாவது கண்ணி என்று யோசிக்கும்போதே கண் அசந்துவிட்டது.

வெளியே பேச்சு முடிந்ததும் மாப்பிள்ளை மைக்கைப் பிடித்தார். “தோழர்களே, எல்லாரும் ஒரு தடவை திரும்பி நில்லுங்க!”

கூட்டம் திரும்பியது. அத்தனை முதுகும் நீலம். சிலருக்குத் தோள்பட்டை மட்டும். சிலருக்குத் தலைமுடி முதல் கால்சட்டை வரை. சுவர்களில் வரிசையாக வெளிறிய ஆள் உருவங்கள் பதிந்திருந்தன. காலையில்தான் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறார் மாப்பிள்ளை! டிரில் மாஸ்டரின் முதுகிலும் மேடைத் தூணின் அகலத்துக்கு ஒரு நீலப் பட்டை. பேச்சின் நடுவில் எப்போது சாய்ந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

“பாத்தீங்களா? சாயாதவன் எவன் இருக்கான் இங்க?” என்று முழங்கினார் மாப்பிள்ளை.

“மாப்பிள்ளை, நீங்களும் கொஞ்சம் திரும்புங்க” என்றார் மகளிர் அணித் தலைவி.

மாப்பிள்ளை திரும்பவில்லை. இரண்டு பேர் பிடித்துத் திருப்பினார்கள். நடு முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். யாரெல்லாம் சாய்கிறார்கள் என்று வாசல் ஓரமாக நின்று கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டிருந்தவர், தான் எதன் மேல் சாய்ந்திருக்கிறோம் என்பதைக் கவனிக்கவில்லை.

கூச்சல் கிளம்பியது. அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்ட சமாளி, தலையைக் கோதியபடியே வெளியே வந்தார். எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

“அண்ணே, திரும்புங்க!”

ஏன் எதற்கு என்று தெரியாமலே திரும்பினார். வெள்ளைச் சட்டை வெள்ளையாக இருந்தது. பிறகு மண்டபம் அதிர்ந்தது. ‘கறைபடாத முதுகு வாழ்க’ என்று யாரோ கத்த, நாலு பேர் ஓடிவந்து அவரைத் தோளில் தூக்கினார்கள். இடுப்பில் மின்னல் வெட்டியது. “ஐயோ! ஐயோ!” என்று அலறினார். கூச்சலில் அது ‘ஐயா! ஐயா!’ என்று கேட்க, பழைய தலைவரின் விசுவாசி, இந்த நேரத்திலும் ஐயாவை மறக்கவில்லை என்று சிலர் கண் கலங்கினார்கள்.

மைக் முன்னால் இறக்கிவிட்டார்கள். நீல முதுகுக்காரர்கள் அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். சமாளிக்கு வலி, கோபம், தூக்கக் கலக்கம் எல்லாம் சேர்ந்து என்னவோ ஆயிற்று. பல வருஷத்தில் முதல் தடவையாக, யோசிக்காமல் உண்மையைச் சொன்னார்.

“நான் நிக்கலைங்க. உள்ள படுத்துத் தூங்கிட்டு இருந்தேன். எனக்கு முதுகு வலி. உங்களுக்கும் முதுகு வலி. பாதிப் பேர் எங்க வீட்டுப் பின்வாசல்ல வர்றீங்க, நான் பாக்கறேன். டிவியில நான் நிமிர்ந்து உக்காந்ததுகூட வலியாலதான். இது கொள்கையே இல்ல. வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு நல்ல நாற்காலியில சாஞ்சு உக்காருங்க.”

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாவட்டச் செயலாளர் ஒருவர் விசும்பியேவிட்டார். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தார் சமாளி.

மாப்பிள்ளை மைக்கை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அண்ணன் சொன்னதை நல்லாக் கேட்டுக்குங்க! நின்னா நிக்கணும். இல்லன்னா தரையில படுக்கணும். நடுவுல ஒண்ணும் கிடையாது! நாற்காலிங்கறதே நடுவுல வந்த வேஷம்! எப்பேர்ப்பட்ட தத்துவம்!”

“நான் அதைச் சொல்லலை!” என்றார் சமாளி. மைக் அங்கே இல்லை. கைதட்டலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. தான் சொன்ன சொல்லைத் தன் கண் முன்னாலேயே இன்னொருத்தர் மடித்துத் தேய்த்து வேறு சட்டையாக மாட்டிக்கொள்வதைப் பார்த்தார். எவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறான் பயல் என்று ஒரு மூலையில் வியப்பும் வந்தது. அந்த வியப்புதான் அவரைப் பயமுறுத்தியது. அங்கேயே பதவி விலகினார். மாப்பிள்ளை வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து, சுத்தமான முதுகோடு தலைவரானார்.

சட்டசபைத் தேர்தலில் கட்சி ஜெயித்தது. மயிரிழையில்தான். ஏன் ஜெயித்தது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எதிர்க்கட்சி பிரசாரம் முழுக்க நாற்காலியைக் கேலி செய்துகொண்டே இருந்ததால், சாலை, தண்ணீர், ஆஸ்பத்திரி எதைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது சமாளியின் கருத்து. அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பதவியேற்பு நல்லபடியாக நடந்தது. எப்படியும் நின்றுகொண்டுதான் உறுதிமொழி எடுப்பார்கள். வம்பு வந்தது அதற்குப் பிறகுதான். சட்டசபையின் ‘முதல் அமர்வு’ என்று அழைப்பு அனுப்பியிருந்தார்கள். அமர்வு என்ற சொல்லுக்கே ஆளுங்கட்சி ஆட்சேபம் தெரிவித்தது. ‘எங்களுக்கு நிலைப்பாடு உண்டு, அமர்வு கிடையாது’ என்று வெளிநடப்புச் செய்தது. ஆளுங்கட்சியே வெளியே போனதால் எதிர்க்கட்சி உள்ளே வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தான் கொண்டுவந்த மசோதாக்களை ஒவ்வொன்றாக நிறைவேற்றியது.

சமாளி அந்தச் செய்தியை மனைவியின் சிகிச்சை நிலையத்தில் படுத்துக்கொண்டு கேட்டார். மூன்று கட்டில்கள், நடுவில் துணித் திரை. வலது பக்கக் கட்டிலில் ஐயா. இடது பக்கத்தில் டிரில் மாஸ்டர். மூன்று பேருக்கும் காலை நேர சிகிச்சை ஒன்றாகவே அமைந்துவிட்டது.

“மாஸ்டர், உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல” என்றார் ஐயா திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. “நீங்க நம்பினதைச் சொன்னீங்க. நான்தான் உங்க ஓட்டை எண்ணினேன், உங்க பேச்சைக் கேக்கல.”

“தூங்கிட்டு இருந்தீங்களா ஐயா அன்னைக்கு?”

“பாதி.”

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். “இவரு டிவியில பேசறவரைக்கும் எனக்கே முழு நம்பிக்கை கிடையாது. அதுக்கப்புறம்தான், அட, நாம சொன்னது இவ்வளவு சரியான்னு தோணுச்சு.”

சமாளி வாயைத் திறந்தார். என்ன சொன்னாலும் அது ஒரு சமாதானமாகத்தான் இருக்கும் என்று தெரிந்தது. மூடிக்கொண்டார்.

சிறிது நேரம் கழித்து ஐயா குரலைத் தாழ்த்தினார். “ஏன் தம்பி, நாம மூணு பேரும் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சா என்ன? சாதாரணமா, ஒரு வம்பும் இல்லாம. நாற்காலின்னா நாற்காலி. மெத்தை வச்சு.”

“மெத்தை ஆகாது ஐயா. பலகைதான் முதுகுக்கு நல்லது” என்றார் மாஸ்டர்.

“வெறும் பலகையில எவன் உக்காருவான்?”

“உக்காரணும் ஐயா. பழக்கிக்கணும். இல்லன்னா மறுபடியும்…”

திரை விலகியது. சமாளியின் மனைவி இரண்டு கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு நின்றார்.

“மூணு பேரும் குப்புறப் படுங்க. நான் சொல்றவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.”

கட்டில்கள் மூன்றும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. ஐயா முகத்தைத் தலையணையில் புதைத்த உடனே குறட்டை விட ஆரம்பித்தார்.